55 டன் லாரியைத் தாங்கும் காற்று... எந்த டயருக்கு எவ்வளவு?

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் லாரி வந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டிரைவர் இறங்கியதும் நேராக டீக்குப் போகமாட்டார். கையில் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. ‘டொம்... டொம்...’ என்று சத்தம் வந்தால் நிம்மதி. ‘பொத்’தென்று கேட்டால் அந்த டயரில் காற்று இல்லை என்று அர்த்தம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகவே பழக்கம். லாரிகளுக்கு பாடி கட்டுவது, கேஸ் டேங்கர் ஓட்டுவது, போர்வெல் ரிக் வண்டிகளை நாடு முழுக்க அனுப்புவது என்று அங்கே பல குடும்பங்களின் சோறு டயரின் மேல்தான் ஓடுகிறது.

ஆனால், இந்தக் கம்பித் தட்டுக்கு ஒரு எல்லை உண்டு. சுத்தமாகக் காற்று இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும். 110 பி.எஸ்.ஐ இருக்க வேண்டிய டயரில் 85 இருந்தால் காட்டிக்கொடுக்காது. இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒரே சத்தம்தான். பாரம் ஏற்றிய வண்டியைக் கவிழ்ப்பதற்கு அந்த 25 பி.எஸ்.ஐ வித்தியாசமே போதும்.

அப்படியென்றால் சரியான அளவு எது? ‘எல்லா டயருக்கும் 110 வெச்சிடு’ என்பதுதான் பல இடங்களில் சொல்லப்படும் பதில். அது ஏன் தவறு என்று பார்ப்போம்.

பாரத்தைச் சுமப்பது யார்?

லாரி டயரைப் பார்த்தால் தடிமனான ரப்பர், உள்ளே எஃகுக் கம்பி... இவைதான் பாரத்தைத் தாங்குகின்றன என்று தோன்றும். உண்மையில் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரம்.

ஒரு டயர் 2,625 கிலோ சுமக்கிறது, அதில் 100 பி.எஸ்.ஐ காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோராயமாகக் கணக்குப் போட்டால், அந்த டயர் சாலையைத் தொடும் இடம் ஒரு ஏ4 தாளில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்! காற்று குறைந்தால் அந்த இடம் பரவும். டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுமே... அதேதான் டயருக்குள்ளும் நடக்கிறது. சூடு ஏற ஏற ரப்பரும் கம்பியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய ஆரம்பிக்கும். சாலையில் கிடக்கும் நீளமான டயர்ப் பட்டைகளில் பல, இப்படிச் சூட்டில் பிரிந்து வந்தவைதான்.

22 டயருக்கும் ஒரே சுமை அல்ல

முன்னால் இழுக்கும் வண்டி, பின்னால் ட்ரெய்லர் என்று ஓடும் 22 டயர் வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் அச்சில் 2 டயர். இழுக்கும் வண்டியின் பின்பக்கம் இரண்டு அச்சில் 8 டயர். ட்ரெய்லரின் மூன்று அச்சில் 12 டயர்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி முன் அச்சுக்கு 7 டன், இரட்டை அச்சுக்கு 21 டன், மூன்று அச்சுக்கு 27 டன். மொத்தம் 55 டன். இதை டயர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

முன் டயர்: 7,000 ÷ 2 = 3,500 கிலோ.
நடு டயர்: 21,000 ÷ 8 = 2,625 கிலோ.
ட்ரெய்லர் டயர்: 27,000 ÷ 12 = 2,250 கிலோ.

ஒரே வண்டிதான். ஆனாலும் முன் டயர், ட்ரெய்லர் டயரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே சுமக்கிறது. சரக்கு பின்னால்தானே இருக்கிறது என்று முன் டயரை அலட்சியமாக விடுவது எவ்வளவு ஆபத்து என்பது இந்த மூன்று வரிக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ட்ரெய்லரில் ஒரு டயர் வெடித்தால் பக்கத்து டயர்கள் சிறிது தூரமாவது தாங்கும். முன் டயர் வெடித்தால் தாங்க ஆள் இல்லை. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

டயரிலேயே எழுதியிருக்கிறது!

ஒவ்வொரு லாரி டயரின் பக்கச்சுவரிலும் அதன் ஜாதகம் அச்சாகி இருக்கும். உதாரணத்துக்கு, 295/80 ஆர் 22.5 என்ற அளவுள்ள டயரில் 152/148 என்று இரண்டு எண்கள் இருந்தால், அவை சுமைக் குறியீடுகள். முதல் எண் டயர் தனியாக ஓடும்போது தாங்கும் அளவு, 3,550 கிலோ. இரண்டாவது எண் ஜோடியாக ஓடும்போது தாங்கும் அளவு, 3,150 கிலோ.

ஜோடியில் ஏன் குறைகிறது? இரண்டு டயரும் எப்போதும் சரிசமமாகச் சுமப்பதில்லை. சாலையின் சரிவு, டயரின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து ஒன்றின் மேல் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். அதற்கான முன்ஜாக்கிரதைதான் அந்தக் குறைப்பு.

அந்த 3,550 கிலோவைத் தாங்க இந்த டயருக்கு சுமார் 123 பி.எஸ்.ஐ காற்று வேண்டும். பலரும் குழம்புவது இங்கேதான். பக்கச்சுவரில் இருக்கும் பி.எஸ்.ஐ எண், முழுச் சுமையைத் தூக்கும்போது வைக்க வேண்டிய அளவு. சுமை குறைந்தால் தேவைப்படும் காற்றும் குறையும். எவ்வளவு சுமைக்கு எவ்வளவு காற்று என்று டயர் கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் அட்டவணை வெளியிடுகின்றன. டீலரிடம் கேட்டால் கிடைக்கும்.

மேலே சொன்ன வண்டியில் இதே அளவு டயர்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன் டயருக்கு 120 பி.எஸ்.ஐ-க்கு மேல் தேவைப்படும். நடு டயருக்கு 100-ஐ ஒட்டி. ட்ரெய்லர் டயருக்கு 80-ஐ ஒட்டி வரும். சரக்கு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருக்கும், திருப்பங்களில் ட்ரெய்லர் டயர் பக்கவாட்டில் தேய்ந்தபடி திரும்பும் என்பதால் அட்டவணை அளவுக்குச் சற்று மேலேயே வைப்பது நல்லது. அதற்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. (இவை கணக்கு புரிவதற்கான எண்கள்தான். அளவு, பிளை, மாடல் மாறினால் எண்ணும் மாறும். உங்கள் டயரின் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.)

இப்போது ‘எல்லாத்துக்கும் 110’ என்பதை இதோடு பொருத்திப் பாருங்கள். பின்னால் இருக்கும் டயர்களுக்குத் தேவைக்கு மேல் காற்று. அதிகம் சுமக்கும் முன் டயருக்குப் பற்றாக்குறை!

எடை மேடையில் ஒரு தந்திரம்

அட்டவணை பார்க்க, ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு எடை என்று தெரிய வேண்டுமே? சாதாரண எடை மேடையிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் முன் அச்சை மட்டும் மேடையில் ஏற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, இழுக்கும் வண்டியின் எல்லா அச்சுகளும் மேடையில் வரும்வரை நகர்த்தி மறுபடி ஒரு எடை. கடைசியாக முழு வண்டி.

உதாரணத்துக்கு, மூன்று எடைகளும் 6,600, 29,600, 53,600 கிலோ என்று வருகின்றன என்போம். கழித்துப் பார்த்தால் முன் அச்சில் 6,600. நடுவில் 23,000. ட்ரெய்லரில் 24,000. மொத்த எடை 55 டன்னுக்குள்தான் இருக்கிறது. ஆனால், நடு அச்சுகள் 21 டன் வரம்பைத் தாண்டி 2 டன் கூடுதலாகச் சுமக்கின்றன! சரக்கை முன்னால் தள்ளி ஏற்றியதன் விளைவு இது. மொத்த எடைச் சீட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது சரக்கைப் பின்னால் நகர்த்துவதுதான். ‘ரெண்டு டன் கூட இருக்கு, பத்து பாயின்ட் காத்து சேர்த்து அடி’ என்பது தீர்வே அல்ல. டயர், ரிம், அச்சு, பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு. காற்றை ஏற்றி அதை உயர்த்த முடியாது. தவிர, ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

சூட்டில் அளந்தால் தப்புக் கணக்கு

காற்றை எப்போது அளப்பது? வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்று, டயர் ஆறிய பிறகு. விடியற்காலை கிளம்பும் முன் அளப்பது ரொம்ப நல்லது. அட்டவணைகளில் இருப்பதெல்லாம் ஆறிய டயருக்கான அளவுகள்தான்.

காலையில் 27 டிகிரி இருக்கும்போது 110 பி.எஸ்.ஐ வைக்கிறீர்கள். வண்டி ஓடி டயருக்குள் காற்று 57 டிகிரி ஆகிவிட்டால், அதே டயர் சுமார் 122 காட்டும். புதிதாகக் காற்று எதுவும் உள்ளே போகவில்லை. சூட்டில் அழுத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவே. டயரை வடிவமைக்கும்போதே இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துத்தான் செய்கிறார்கள்.

கத்திரி வெயில் காலத்தில் பலரும் செய்யும் தப்பு இங்கேதான் நடக்கிறது. ‘122 காட்டுதே... வெடிச்சிடும்’ என்று பயந்து 12 பாயின்ட்டைத் திறந்து விடுவார்கள். மறுநாள் காலை டயர் ஆறியதும் அதில் இருப்பது 99-க்கும் குறைவு. அந்தக் குறைந்த காற்றோடு அதே பாரத்தை ஏற்றிக்கொண்டு, அதே வெயிலில் ஓடும்போது பக்கச்சுவர் இன்னும் அதிகமாக மடங்கும், இன்னும் அதிகமாகச் சுடும். வெடிப்பைத் தடுக்க நினைத்துச் செய்த வேலையே வெடிப்புக்கு வழி செய்துவிடும்.

மலைச்சரிவில் இன்னொரு சூடும் சேர்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் தொப்பூர் கணவாய் இறக்கம் மாதிரியான இடங்களில், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் டிரம்மின் சூடு ரிம் வழியாக டயருக்கும் போகும். ஏற்கெனவே காற்று குறைந்து சூடான டயர் என்றால் சொல்லவே வேண்டாம். லோ கியரில் இறங்குவது பிரேக்கை மட்டுமல்ல, டயரையும் காப்பாற்றும்.

சரி, கேஸ் டேங்கர் மாதிரி போகும்போது பாரம், வரும்போது காலி என்று ஓடும் வண்டிகளுக்கு? பாரத்தோடு ஓடும் பாதிக்கு ஏற்ற காற்றையே வைக்க வேண்டும். காலியாகத் திரும்பும்போது வண்டி கொஞ்சம் குதிக்கும்தான். அதற்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, அடுத்த லோடு ஏற்றும்போது மறந்துபோவது பெரிய ஆபத்து. ரிக் வண்டிக்கு இந்தக் குழப்பமே இல்லை. இயந்திரம் எப்போதும் மேலேயே இருப்பதால் அதற்கு என்றும் முழுப் பாரத்துக்கான அளவுதான்.

ஜோடியில் மறக்கப்படும் உள் டயர்

ஜோடி டயரில் வெளி டயருக்குக் காற்று பார்ப்பது சுலபம். உள் டயரின் வால்வுக்கு, கையை உள்ளே விட்டுத் தேட வேண்டும். அதனால்தான் அது அடிக்கடி மறக்கப்படுகிறது. உள் டயரில் காற்று குறைந்தால் அதன் பங்கையும் வெளி டயரே சுமக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு நாள் வெளி டயர் வெடிக்கும். ‘புது டயர் போட்டும் வெடிச்சிடுச்சே’ என்று டயர் கம்பெனியைத் திட்டுவோம்.

ஒரே அச்சில் இருக்கும் எல்லா டயருக்கும் ஒரே அளவு காற்று. உள் வால்வு வெளியே எட்டும்படி நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளலாம். வால்வு மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. தூசியும் மண்ணும் வால்வுக்குள் போய்க் காற்று கசியத் தொடங்கும்.

காற்று குறைந்து ஓடிய டயர் இரண்டு ஓரங்களிலும் தேயும். காற்று கூடி ஓடிய டயர் நடுவில் தேயும். அப்படிக் கூடி ஓடும் டயர் விறைப்பாக இருப்பதால் பள்ளத்திலோ கல்லிலோ இறங்கும்போது கம்பி அறுபடும் வாய்ப்பும் அதிகம். காசுக் கணக்கிலும் இது முக்கியம். ரீட்ரேடிங் செய்ய வேண்டுமென்றால் டயரின் உள்கூடு நன்றாக இருக்க வேண்டும். காற்று குறைந்து சூடேறி ஓடிய கூட்டில் புது ரப்பர் ஒட்டிப் பயனில்லை. இன்னொரு ஆயுள் ஓடியிருக்க வேண்டிய டயர் பழைய இரும்புக் கடைப் பக்கம் போய்விடும்.

காற்று அடிப்பவரின் உயிர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

வைக்க வேண்டிய அளவில் 80 சதவிகிதமோ அதற்குக் கீழோ காற்று இருக்கும்போது ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் கருத வேண்டும் என்பது டயர் துறையின் விதி. அதாவது 110 வேண்டிய டயரில் 88 அல்லது அதற்குக் குறைவு. அதைக் கழற்றி, உள்ளே பார்த்துச் சோதிக்காமல் மறுபடி காற்று அடிக்கக் கூடாது.

காரணம் இதுதான். ரேடியல் டயரின் பக்கச்சுவருக்குள் எஃகுக் கம்பிகள் வரிசையாக ஓடுகின்றன. காற்று குறைந்து ஓடும்போது அவை மடங்கி மடங்கி உள்ளேயே ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. பஞ்சர் கடையில் காற்று ஏற ஏற, மிச்சமுள்ள கம்பிகளும் அடுத்தடுத்து அறுந்து, பேன்ட் ஜிப் திறப்பதைப் போலப் பக்கச்சுவர் ஒரே நொடியில் பிளக்கும். எதிரே குனிந்து நிற்கும் மனிதர் தூக்கி வீசப்படுவார். அதற்கு முன் ‘பட்... பட்...’ என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்கலாம். கேட்டால் அந்த நொடியே விலகி ஓட வேண்டும்.

ட்யூப் டயர் வண்டிகளில் இன்னொரு எமன், லாக் ரிங். அது ரிம்மில் சரியாக உட்காராத நிலையில் காற்று ஏறினால், அந்த இரும்பு வளையம் தெறித்துப் பறக்கும். காற்று ஏறிய நிலையில் அதைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்வது தற்கொலைக்குச் சமம். முழுக் காற்றையும் இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பஞ்சர் கடைக்காரர்களும் டிரைவர்களும் செய்ய வேண்டியவை இவை. வீலின் நட்டைக் கழற்றும் முன்பே காற்றை இறக்கிவிடுங்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடியுங்கள். வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் முனையும் நீளமான குழாயும் இருந்தால், தள்ளி நின்றே காற்று ஏற்றலாம். டயரின் பக்கச்சுவருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். சின்னப் பையன்களை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

நைட்ரஜன் போட்டால் போதுமா?

நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். தனியாக நைட்ரஜன் நிரப்பினால் ஈரப்பதம் இருக்காது, கசிவு கொஞ்சம் குறையும். ஆனால் சூட்டில் அழுத்தம் கூடுவது அதிலும் நடக்கும். அதற்கென்று தனி அளவு கிடையாது. வாராவாரம் பார்க்கும் வேலையையும் அது மிச்சப்படுத்தாது. அந்தப் பணத்தில் நல்ல கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். கடைகளில் இருக்கும் கேஜ்கள் கீழே விழுந்து விழுந்து தப்புக் காட்டுவதும் உண்டு.

நம் வீட்டு வண்டிக்கும் இதே பாடம்

லாரி இல்லாத வீடுகளுக்கும் இதில் சேதி இருக்கிறது. உங்கள் காரின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில மாடல்களில் அது வேறு இடத்தில் இருக்கலாம், வண்டியோடு வந்த கையேட்டிலும் பார்க்கலாம். பல கார்களில் அதில் இரண்டு அளவுகள் போட்டிருப்பார்கள். ஓரிருவர் போகும்போது ஒன்று. ஐந்து பேரும் பெட்டி படுக்கையுமாக ஊருக்குக் கிளம்பும்போது இன்னொன்று. காய்கறி ஏற்றும் மினி லாரிக்கும் பிக்கப்புக்கும் இதே வழிதான். பயணத்துக்கு முன் ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

சுருக்கமாக...

* ஒவ்வொரு அச்சிலும் உள்ள எடையைத் தெரிந்துகொண்டு, டயர் எண்ணிக்கையால் வகுக்கவும்.
* அந்த எடைக்கு உரிய காற்றை அந்த டயரின் அட்டவணையில் பார்த்து வைக்கவும். முன் டயருக்கு முதல் கவனம்.
* டயர் ஆறிய பிறகு, கேஜ் வைத்து வாரம் ஒரு முறையாவது அளக்கவும். நீண்ட பயணம் என்றால் கிளம்பும் முன் கட்டாயம்.
* சூடான டயரிலிருந்து காற்றை இறக்க வேண்டாம்.
* உள் டயரை விட்டுவிட வேண்டாம். 
* 20 சதவிகிதமோ அதற்கு மேலோ காற்று குறைந்து ஓடிய டயரைக் கழற்றிச் சோதிக்காமல் நிரப்ப வேண்டாம்.

22 டயருக்கும் கேஜ் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகலாம். லோடு ஏற்றிக் கிளம்பியவர் பத்து நாள், பதினைந்து நாள் கழித்து வீட்டு வாசலில் வந்து இறங்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கலாம்.